கட்டையும் கத்தியும் நீரும்: புதுக்கோட்டை மாவட்டச் சந்தை இறைச்சிக் கடைகளில் கருவிவழி நுண்ணுயிர்ப் பரவல்

ஆய்வுச் சுருக்கம்

சந்தையில் விற்கப்படும் ஆட்டிறைச்சியிலும் கோழியிறைச்சியிலும் நோய்தரும் நுண்ணுயிர்கள் சேர்வதற்கு வெட்டுகட்டை, கத்தி, கொக்கி, தராசு, துடைக்கும் துணி, கோழி உரிக்கும் இயந்திரம் ஆகிய கருவிகள் எவ்வாறு வழியாகின்றன என்பதைப் புதுக்கோட்டை மாவட்டச் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கருவி எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட, இரு வேலைகளுக்கு நடுவே அது கழுவிக் காய்வதற்கு வாய்ப்பு இருக்கிறதா என்பதே மாசின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த வாய்ப்பைத் தருபவை ஓடும் நீர், கொதிநீர், வடிகால், நேரம் ஆகியவை. இவற்றுள் நீரும் வடிகாலும் கடைக்காரரின் கையில் இல்லை. சந்தையை நடத்தும் உள்ளாட்சியின் பொறுப்பில் உள்ளன. ஆகவே கறிக்கடைச் சுகாதாரத்தைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் பார்க்கும் அணுகுமுறை போதாது. சந்தையின் அடிப்படை வசதியாக அதைக் கருத வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இறைச்சிச் சுகாதாரம், வெட்டுகட்டை, குறுக்குமாசு, நுண்ணுயிர்ப் படலம், வாரச்சந்தை, உள்ளாட்சி, புதுக்கோட்டை.

1. முன்னுரை

தமிழ்நாட்டில் இறைச்சி உண்ணாதவர்கள் மிகச் சிறுபான்மையினர். 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பு, மாநிலத்தில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அசைவ உணவு உண்பவர்கள் என்று காட்டியது. இவ்வளவு பேர் உண்ணும் உணவின் பெரும்பகுதி தெருவோரக் கறிக்கடையிலிருந்தும் சந்தையிலிருந்தும் வருகிறது. ஆனால் இறைச்சியின் தூய்மை பற்றிய பொதுப்பேச்சு, சமைத்த உணவால் உயிரிழப்பு நேரும்போது மட்டுமே எழுகிறது. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோட்டிலும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஷவர்மா உண்டபின் சிறுமியர் உயிரிழந்தனர். உடனே மாநிலம் முழுவதும் ஷவர்மா கடைகளில் சோதனைகள் நடந்தன. அந்தச் சோதனைகள் தேவையானவையே. எனினும் அவை உணவுச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத் தொட்டவை. பச்சை இறைச்சி முதன்முதலாகக் கத்தியையும் கட்டையையும் சந்திக்கும் இடத்தில் கவனம் நிலைக்கவில்லை.

இக்கட்டுரை அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. நுண்ணுயிரியலில் நிலைபெற்ற முடிவுகளையும், நடைமுறையிலுள்ள விதிகளையும், மாவட்டச் சந்தைகளில் கறி வெட்டப்படும் வேலைமுறையோடு பொருத்திப் பார்ப்பதே இதன் முறை. கறிக்கடைத் தொழிலாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இதன் நோக்கமன்று. விடியுமுன் எழுந்து, குளிரூட்டப்படாத இடத்தில், கூர்மையான கருவிகளோடு உழைக்கும் அவர்களே இம்மாசினால் முதலில் தீண்டப்படுபவர்கள்.

2. களம்

1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை தொண்டைமான் மன்னர்களின் தனி அரசாக இருந்தது புதுக்கோட்டை. 1974 ஜனவரி 14 அன்று திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். வற்றாத ஆறு இங்கு இல்லை. வெள்ளாறு மழைக்காலத்தில் ஓடி மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும். வேளாண்மை கண்மாய்களையும் குளங்களையும் நம்பியது. குடிநீர் ஆழ்துளைக் கிணறுகளையும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களையும் நம்பியது. மழை பொய்த்தால் பயிர் போகும், ஆடு நிற்கும். அதனால் வறள்நில உழவர் குடும்பத்துக்கு ஆடுதான் கைக்காசு. பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் விற்கப்படுவது அதுவே. 2019-இல் நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் ஏறத்தாழ 99 லட்சம், செம்மறியாடுகள் ஏறத்தாழ 45 லட்சம். இந்த ஆட்டு வளத்தில் புதுக்கோட்டை போன்ற வறள்நில மாவட்டங்களுக்கு முக்கிய இடம் உண்டு.

புதுக்கோட்டை நகரின் சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடுகிறது. சுற்றூர்களிலிருந்து ஆடு ஓட்டி வருபவர்களும் வெளிமாவட்ட வியாபாரிகளும் விடியலிலேயே கூடிவிடுவார்கள். தீபாவளி, பக்ரீத் நாட்களுக்கு முந்தைய வாரங்களில் கூட்டம் பல மடங்காகும். ஞாயிற்றுக்கிழமைதான் கறி வியாபாரத்தின் உச்சம். ஆறு நாட்களில் விற்பதைவிட அந்த ஒரு காலையில் விற்பது அதிகம் என்பதை எந்தக் கறிக்கடையின் முன்னாலும் நின்று காணலாம்.

அந்தக் காலை வேலையின் ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். விடியுமுன் ஆடு அறுக்கப்படும். கொக்கியில் தொங்கவிட்டுத் தோல் உரித்து, வயிற்றைக் கீறிக் குடலை எடுப்பார்கள். தலை, கால், குடல், ஈரல் தனித்தனியே பிரியும். பின்னர் தொடையும் விலாவும் கட்டைக்கு வரும். எலும்போடு வேண்டும், எலும்பில்லாமல் வேண்டும், பிரியாணிக்குப் பெரிதாக, குழம்புக்குச் சிறிதாக, கொத்துக்கறியாக என்று வாங்குபவர் சொல்லச் சொல்ல அதே கட்டையில் அதே கத்தி வெட்டிக்கொண்டே இருக்கும். வெட்டும் கையே எடை போடும். எடை போடும் கையே காசும் வாங்கும். ஓர் ஆடு தீர்ந்ததும் அடுத்தது கொக்கிக்கு வரும். நடுவில் கருவிகளைக் கழுவும் வேளை கிடையாது. வரிசை நின்றுகொண்டிருக்கும்.

இதற்குப் பக்கத்தில், கடந்த சில பத்தாண்டுகளில் ஊருக்கு ஊர் பெருகியவை பிராய்லர் கடைகள். நாட்டின் மொத்த இறைச்சி உற்பத்தியில் இன்று ஏறத்தாழப் பாதி கோழியிறைச்சி. ஆகவே சந்தைக் கருவிகளின் மாசைப் பேசும்போது ஆட்டுக்கறிக் கட்டையை மட்டும் பேசுவது பாதிப் பேச்சே ஆகும்.

3. நுண்ணுயிர் கறிக்கு வரும் வழி

நலமுள்ள விலங்கின் உள்தசையில் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ இல்லை எனலாம். அவை இருப்பது தோலில், உரோமத்தில், குளம்பில், குடலில். அறுத்த நொடியிலிருந்து கறி மாசடையத் தொடங்குகிறது. அந்த மாசு வெளியிலிருந்தே வருகிறது. தோலை உரிக்கும் கத்தி, தோலின் வெளிப்புறத்தைத் தொட்ட பிறகு தசையைத் தொடுகிறது. குடலை எடுக்கும்போது சிறு கீறல் விழுந்தால் உள்ளிருப்பது கசிகிறது. சால்மோனெல்லா, ஈ.கோலி, கேம்பைலோபாக்டர் ஆகியவை குடல்வழி வருபவை. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மனிதரின் மூக்கிலும் கையிலும், கையின் வெட்டுக்காயத்திலும் வாழ்வது. லிஸ்டீரியா மண்ணிலும் ஈரத்திலும் வடிகாலிலும் இருப்பது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் மண்ணிலும் குடலிலும் விதைவடிவில் உறங்கிக் கிடப்பது.

கருவியின் பங்கு இங்கேதான் வருகிறது. ஓர் ஆட்டின் மாசு அந்த ஆட்டோடு நின்றுவிட்டால் அது ஒரு குடும்பத்தின் சிக்கல். கழுவாத கத்தியும் கட்டையும் அதை அன்று காலை வெட்டப்படும் எல்லா ஆடுகளுக்கும், வாங்கிச் செல்லும் எல்லா வீடுகளுக்கும் பங்கிடுகின்றன. ஆக, சந்தைக் கறியின் மாசைப் புரிந்துகொள்ள, ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே கருவிக்கு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

வெப்பம் இந்தப் பங்கீட்டைப் பெருக்கவும் செய்கிறது. ஏறத்தாழ 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலை நுண்ணுயிர்கள் பெருகும் எல்லை. புதுக்கோட்டையின் காலை நேரம் ஆண்டின் பெரும்பகுதியில் இந்த எல்லையின் நடுவே நிற்கிறது. ரத்தமும் கொழுப்பும் ஒட்டிய ஈரக் கட்டை அவற்றுக்கு வேண்டிய உணவையும் நீரையும் தருகிறது. ஈ.கோலி தனக்கு உகந்த சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. அதைவிட மெதுவாக, அரை மணிக்கு ஒருமுறை என்றே கொள்வோம். காலை 5 மணிக்குக் கட்டையில் பதிந்த ஒற்றை நுண்ணுயிர் நண்பகல் 12 மணிக்குள் 14 முறை இரட்டித்து 16,384 ஆகும். இடையில் ஒருமுறை முறையாகக் கழுவினால் இந்தப் பெருக்கம் தொடக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. அந்தி நேரத்தில் செய்யும் ஒரே கழுவல், அன்று விற்ற கறிக்கு எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை.

4. கருவிகள் ஒவ்வொன்றாக

கட்டை: தமிழ்நாட்டுக் கறிக்கடைகளில் பெரிதும் காணப்படுவது புளியமரக் கட்டை. கடினமும் இறுக்கமும் கொண்ட அந்த மரம் கத்தி வீச்சைத் தாங்கும். செதில் செதிலாகப் பெயராது. ஆனால் நாள்பட்ட கட்டையின் நடுப்பகுதி குழிந்துவிடும். வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டு விளிம்பில் வெடிப்பு விழும். குழியிலும் வெடிப்பிலும் எலும்புத்தூளும் கொழுப்பும் ரத்தமும் தங்கும். தூரிகை அங்கே எட்டாது.

கத்தி: கத்தியின் அலகைவிடக் கைப்பிடியே கவலைக்குரியது. மரப்பிடியும் அலகும் சேரும் இடுக்கு, பிடியைச் சுற்றிய துணி அல்லது கயிறு, ஆணி அடித்த துளை ஆகியவை எளிதில் காய்வதில்லை. கத்தியைத் தீட்டும் கல்லும் கம்பியும் கத்தியோடு சேர்ந்து மாசைச் சுமக்கின்றன. அவற்றைக் கழுவ வேண்டும் என்ற எண்ணமே அரிது.

கொக்கி, தராசுத் தட்டு: துருப்பிடித்த இரும்பின் சொரசொரப்பு நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொள்ள ஏற்றது. தராசுத் தட்டில் குடல், ஈரல், தொடைக்கறி எல்லாம் அடுத்தடுத்து ஏறி இறங்குகின்றன. எலக்ட்ரானிக் தராசு நனைந்தால் கெடும் என்ற அச்சத்தால் அதைக் கழுவாமல் துடைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

துணி: கடையின் கருவிகளிலேயே ஆபத்து மிகுந்தது இதுதான். கட்டையைத் துடைத்து, கத்தியைத் துடைத்து, கையைத் துடைத்து, தராசையும் துடைக்கும் ஒரே ஈரத்துணி, எங்கெல்லாம் படுகிறதோ அங்கெல்லாம் மாசைச் சமமாகப் பூசுகிறது. பார்வைக்குச் சுத்தமாக்கும் செயலே நுண்ணுயிர் நோக்கில் பரப்பும் செயலாகிவிடுகிறது.

கொத்துக்கறி இயந்திரம்: முழுத் துண்டுக் கறியில் மாசு மேற்பரப்பில் மட்டும் இருக்கும். அரைத்த கறியில் அது உள்ளே கலந்துவிடும். 1993-இல் அமெரிக்காவில் ஈ.கோலி ஓ157 வகை நுண்ணுயிர் கலந்த, சரியாக வேகாத அரைத்த மாட்டிறைச்சியால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்று நான்கு குழந்தைகள் இறந்தனர். அரைக்கும் இயந்திரத்தின் திருகும் துளைத்தட்டும் கழற்றிக் கழுவப்படாவிட்டால், நேற்றைய கறியின் மிச்சம் இன்றைய கறியோடு சேரும்.

கோழி உரிக்கும் இயந்திரம்: உருளைக்குள் ரப்பர் விரல்கள் சுழன்று இறகைப் பிடுங்கும் இந்த இயந்திரம் வெதுவெதுப்பும் ஈரமும் நிறைந்தது. ரப்பர் விரல்களில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. 1980-களில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள், கோழிப் பதனிடுமிடங்களில் இறகு பிடுங்கும் கருவிகளிலேயே ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வகைகள் நிலையாகக் குடியிருந்து கோழிகளுக்குத் தொற்றுவதைக் காட்டின. அதற்கு முன்னால் இருப்பது வெந்நீர் டிரம். நாள் முழுதும் மாற்றப்படாத அந்த நீரில் ஒவ்வொரு கோழியும் தன் எச்சத்தை விட்டுச் செல்கிறது. கொதிக்காமல் வெதுவெதுப்பாக நிற்கும் நீர் எதையும் கொல்வதில்லை.

இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நிகழ்வு நுண்ணுயிர்ப் படலம். ஈரப் பரப்பில் ஒட்டிய நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றிப் பசைபோன்ற உறையைச் சுரந்து அதனுள் வாழ்கின்றன. அந்த உறைக்குள் இருப்பவற்றை வெறும் தண்ணீர் அகற்றாது. கிருமிநாசினியும் எளிதில் ஊடுருவாது. தேய்த்துப் பெயர்த்தால்தான் அகலும். 2008-இல் கனடாவில் லிஸ்டீரியா தொற்றி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, நவீன ஆலையின் இறைச்சி சீவும் இயந்திரங்களுக்குள், வழக்கமான கழுவல் எட்டாத ஆழத்தில் நுண்ணுயிர் தங்கியிருந்ததே காரணம் என்று கருதப்பட்டது. துருப்பிடிக்காத எஃகும் நிரந்தரக் குழாய்நீரும் இருந்த இடத்திலேயே இது நடந்தது. எனவே பொருளை மாற்றினால் மாசு போய்விடும் என்று நம்புவதற்கில்லை.

5. மரமா, பிளாஸ்டிக்கா?

அதிகாரிகளின் அறிவுரையில் அடிக்கடி வருவது, மரக்கட்டையைத் தூக்கிப் போட்டுப் பிளாஸ்டிக் பலகை வாங்குங்கள் என்பது. இந்த அறிவுரையின் அடிப்படையைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையில் பெரும் விவாதத்தை எழுப்பின. பிளாஸ்டிக் பாதுகாப்பானது என்ற பொது நம்பிக்கையை அவை உறுதிசெய்யவில்லை. உலர்ந்த மரப்பலகையில் இட்ட நுண்ணுயிர்களை மரம் உள்ளே உறிஞ்சிக்கொண்டது. சிறிது நேரத்தில் மேற்பரப்பிலிருந்து அவற்றை மீட்க முடியவில்லை. புதிய பிளாஸ்டிக் பலகையைக் கழுவுவது எளிதாக இருந்தது. ஆனால் கத்தித் தழும்பு விழுந்த பிளாஸ்டிக்கை, குறிப்பாகக் கோழிக் கொழுப்பு படிந்த நிலையில், கையால் கழுவித் தூய்மை செய்வது மிகக் கடினமாக இருந்தது. மரத்துக்குள் சென்றவை அங்கே உயிருடன் தங்கக்கூடும் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர்.

இந்த விவாதத்தை நம் சந்தைக்குக் கொண்டுவரும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அந்த ஆய்வுகள் வீட்டுச் சமையலறைப் பலகையை முன்வைத்தவை. வீட்டுப் பலகை ஒரு வேளை வேலை முடிந்ததும் காயும். சந்தைக் கட்டை விடியலிலிருந்து நண்பகல்வரை ரத்தத்தில் ஊறியே கிடக்கும். மரம் நுண்ணுயிரை உள்ளிழுத்துக் கொல்வது அது உலர்ந்திருக்கும்போதுதான்; ஊறிய மரத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. அதேபோல் ஆட்டெலும்பை வெட்டும் வீச்சில் பிளாஸ்டிக் பலகை சில வாரங்களிலேயே தழும்பேறிவிடும். புதிய பலகை வாங்கும் செலவைச் சிறு கடைக்காரர் அடிக்கடி ஏற்கமாட்டார். தழும்பேறிய பிளாஸ்டிக், நல்ல புளியங்கட்டையைவிட மோசமானது. ஆக, பொருள்பற்றிய தீர்ப்பு எதுவும் அப்படியே பொருந்தாது. எந்தப் பொருளானாலும் அது சுரண்டப்படுகிறதா, கொதிநீர் காண்கிறதா, முழுமையாகக் காய்கிறதா என்பவையே தீர்மானிப்பவை.

இந்திய விதிகளும் மரத்தை முற்றாக விலக்கவில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர உரிமம், பதிவு விதிகள் 2011-இன் நான்காம் அட்டவணை, இறைச்சிக் கடைகளின் கட்டை உணவுத் தரமுள்ள செயற்கைப் பொருளால் ஆனதாகவோ, மரமாயின் உறுதியான கடின மரத் தண்டாகவோ இருக்கலாம் என்கிறது. அன்றாட வேலை முடிந்ததும் கட்டையின் மேல் போதிய கடலுப்பைப் பரப்ப வேண்டும் என்கிறது. நம் கறிக்கடைக்காரர்கள் தலைமுறையாக அறிந்த வழக்கம் இது; உப்புக்கண்டம் போட்டு இறைச்சியைக் காத்த அதே அறிவு இதிலும் இருக்கிறது. உப்பு கட்டையிலிருந்து நீரை இழுத்து, பெரும்பாலான நுண்ணுயிர்களை வளரவிடாமல் செய்கிறது. ஆனால் இங்கும் ஒரு வரம்பு உண்டு: ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் உப்பைத் தாங்கும். பிற நுண்ணுயிர்கள் அடங்கிய பரப்பில் அது போட்டியின்றி நிற்கவும் கூடும். ஆகவே உப்பு, சுரண்டலுக்கும் கொதிநீருக்கும் பின் செய்யும் இறுதிச் செயலாக இருக்க வேண்டும். அவற்றுக்கு மாற்றாக ஆகாது.

6. வேகவைத்து உண்பது போதாதா?

தமிழ்ச் சமையல் கறியை நன்றாக வேகவைப்பது. அறுத்த சில மணி நேரத்தில் விற்று, அன்றே சமைத்து உண்பதும் நம் வழக்கம். இவை இரண்டும் உண்மையான பாதுகாப்புகள். நெடுநாள் குளிர்பதனத்தில் கிடந்த கறியைவிட அன்றறுத்த கறி பல வகையில் மேலானது. ஆயினும் இவற்றைக் காட்டிக் கருவியின் மாசைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. அதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கறியில் பெருகி நஞ்சைச் சுரந்துவிட்டால், கொதிக்கவைப்பது நுண்ணுயிரைக் கொல்லுமே தவிர நஞ்சை அழிக்காது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்சின் விதைகளும் கொதியைத் தாங்குபவை. பெரிய அண்டாவில் சமைத்த பிரியாணியும் குழம்பும் மெல்ல ஆறும்போது அவை மீண்டும் முளைத்துப் பெருகும். திருமண விருந்துகளிலும் கோயில் கிடா வெட்டு விருந்துகளிலும் கூட்டமாக வயிற்றுப்போக்கு வருவதற்கு இது நன்கு அறியப்பட்ட ஒரு வழி.

மூன்றாவது, வேகும் முன்பே மாசு வேறு உணவுக்குத் தாவிவிடுகிறது. கறியை அரிந்த அரிவாள்மனையில் வெங்காயமும் வெள்ளரியும் அரிகிறோம். கோழியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் துளிகள் பாத்திரங்களில் விழுகின்றன. 2005-இல் தெற்கு வேல்சில் 157 பேர் ஈ.கோலி ஓ157-ஆல் நோயுற்று ஓர் ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். பச்சை இறைச்சிக்கும் சமைத்த இறைச்சிக்கும் ஒரே பொதியிடும் இயந்திரத்தைப் பயன்படுத்திய ஓர் இறைச்சிக் கடையிலிருந்து பள்ளிகளுக்கு உணவு சென்றிருந்தது. 2009-இல் வெளியான ஹியூ பென்னிங்டனின் விசாரணை அறிக்கை இதை விரிவாகப் பதிவு செய்தது. சமைத்தது நன்றாகவே சமைக்கப்பட்டிருந்தாலும், அதன்பின் தொட்ட கருவி அதைக் கெடுத்துவிடும் என்பதே அதன் பாடம்.

நான்காவது, மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள். கோழி வளர்ப்பில் மருந்துகள் மிகுதியாகப் புழங்கியதன் விளைவை உணர்ந்து, மனிதருக்குக் கடைசிக் காப்பாக உள்ள கொலிஸ்டின் மருந்தை உணவு விலங்குகளுக்குத் தருவதை 2019-இல் இந்திய அரசு தடைசெய்தது. அத்தகைய நுண்ணுயிர்கள் கோழியின் குடலிலிருந்து கட்டைக்கும், கட்டையிலிருந்து வெட்டுபவரின் கைக்கும், கறியோடு வீட்டுச் சமையலறைக்கும் வரும் பாதை கருவிகள் வழியே செல்கிறது. இதில் முதலில் தொற்றுக்கு உள்ளாகிறவர் கடைத் தொழிலாளர்.

7. விதி கேட்பதும் சந்தை தருவதும்

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்கீழ் வந்த 2011 விதிகள், நாளொன்றுக்கு 10 சிறு விலங்குகள் அல்லது 50 கோழிகள் வரை அறுக்கும் சிறு தொழில்களைப் பதிவுக்கு உட்படுத்துகின்றன. கத்தியும் கொக்கியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். கருவிகளை 82 பாகை செல்சியஸ் வெந்நீரால் தூய்மை செய்ய வேண்டும். தராசுத் தட்டு எளிதில் கழுவத்தக்கதாக இருக்க வேண்டும். கழிவுத் தொட்டிக்கு மூடி வேண்டும். அறிவியல் நோக்கில் இவற்றில் குறை காண்பதற்கில்லை.

குறை, விதி யாரை நோக்கிப் பேசுகிறது என்பதில் இருக்கிறது. 82 பாகை வெந்நீருக்கு அடுப்பும் நீரும் வேண்டும். கழுவிய நீர் போக வடிகால் வேண்டும். வாரச்சந்தையில் ஒரு மேசையும் கட்டையும் வைக்கும் அளவே இடம் பெற்றவர், இரண்டு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து வைத்துக்கொண்டு காலை முழுவதையும் ஓட்டுகிறார். அந்த நீர் கையைக் கழுவவும் குடலை அலசவும் போதாதபோது கத்தியைக் கழுவ மிஞ்சாது. கழுவினாலும் நீர் காலடியில் தேங்கி, ஈயும் நாயும் சேரும். அவர் கழுவாமல் துணியால் துடைப்பது அறியாமையால் என்று சொல்வதற்கில்லை. இருக்கும் நீருக்கு ஏற்ப அவர் எடுக்கும் முடிவு அது.

சந்தைக்கு இடம் தருவது உள்ளாட்சி. ஊராட்சியும் நகராட்சியும் ஆண்டுதோறும் சந்தையை ஏலம் விட்டு, குத்தகை எடுத்தவர் வழியே கடைக்காரரிடம் கட்டணம் தண்டுகின்றன. கட்டணம் வாங்கும் அமைப்பு, அந்தக் கட்டணத்துக்கு ஈடாக நீரும் வடிகாலும் தரக் கடமைப்பட்டது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்காரருக்குத் தரும் அறிவிப்பு, கழுவும் வசதியைச் செய்து தரவேண்டியவரிடம் போய்ச் சேருவதில்லை. இந்த இரு துறைகளும் தனித்தனியே இயங்குவதே, விதி தாளில் நிறைவாகவும் சந்தையில் வெறுமையாகவும் இருப்பதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் மைய வாதம்.

புதுக்கோட்டைக்கு இந்தப் பார்வை புதிதன்று. 1878 முதல் 1894 வரை இந்த அரசின் நிர்வாகத்தை நடத்திய சேசையா சாஸ்திரி, நகரைச் சீரமைத்தபோது குளங்களைச் செப்பனிடுவதை முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். ஊரின் நலம் நீரில் தொடங்குகிறது என்ற அந்த நிர்வாக அறிவை, 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த நகரம் தன் கறிக்கடைத் தெருவரை நீட்டிக்க வேண்டும்.

8. செய்யத்தக்கவை

முதலாவது, சந்தையின் இறைச்சிப் பகுதிக்கு ஓடும் நீர்க் குழாயும் மூடிய வடிகாலும் தருவதைச் சந்தை ஏலத்தின் நிபந்தனையாகவே எழுத வேண்டும். குத்தகைதாரர் கட்டணம் தண்டும் உரிமை, இந்த வசதியைப் பராமரிக்கும் கடமையோடு சேர்ந்ததாக இருக்கட்டும். நீர் தட்டுப்பாடான கோடையில் மேனிலைத் தொட்டி ஒன்றை லாரி நீரால் நிரப்புவதற்கும் அதில் இடம் வேண்டும். வெட்டும் வேலைக்குத் தேவைப்படும் நீர், ஊரின் மொத்தப் பயன்பாட்டில் மிகச் சிறிய பங்கே.

இரண்டாவது, இரு கத்தி முறை. ஆஸ்திரேலிய இறைச்சிக்கூடங்களில் நிலைபெற்ற வழக்கம் இது. ஒரு கத்தி வேலையில் இருக்கும்போது மற்றொன்று வெந்நீரில் நிற்கும். ஓர் ஆடு முடிந்ததும் இரண்டும் இடம் மாறும். கோழியை வாட்டுவதற்குப் பல கடைகளில் ஏற்கெனவே எரிவாயு அடுப்பு உண்டு. அதன்மேல் மூடிய பாத்திரத்தில் நீர் கொதித்துக்கொண்டிருந்தால் போதும். வரிசையில் நிற்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. செலவு ஒரு கத்தியும் ஒரு பாத்திரமும்.

மூன்றாவது, கழுவும் வரிசையைக் கற்பிக்க வேண்டும். ரத்தம் படிந்த பரப்பில் முதலிலேயே கொதிநீர் ஊற்றினால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் தண்ணீர் விட்டுச் சுரண்ட வேண்டும், பிறகு சோப்பும் வெந்நீரும் கொண்டு கொழுப்பை அகற்ற வேண்டும், அதன்பிறகே கிருமிநாசினி. ரத்தமும் கொழுப்பும் மிஞ்சிய இடத்தில் குளோரின் தன் வீரியத்தை அவற்றிலேயே இழந்துவிடும். புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். 10 லிட்டர் நீருக்கு சுமார் 7 கிராம் கலந்தாலே கருவிகளுக்குப் போதிய கரைசல் கிடைக்கும். சில நிமிடம் ஊறவிட்டு நல்ல நீரில் அலச வேண்டும்.

நான்காவது, கடைக்கு இரண்டு கட்டைகள். ஒன்று உழைக்கும் நாளில் மற்றொன்று சுரண்டி, உப்பிட்டு, வெயிலில் முழுதாகக் காய வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் புதுக்கோட்டையில் இதற்குச் செலவில்லை. வெடித்த கட்டையின் மேற்பரப்பை மரத்தச்சரைக் கொண்டு அறுத்துச் சமன்செய்யலாம். குடலும் தலைக்கறியும் வெட்ட ஒரு சிறு தனிக்கட்டை வேண்டும். ஆட்டுக்கறியும் கோழிக்கறியும் ஒரே கடையில் விற்றாலும் ஒரே கட்டைக்கு வரக் கூடாது. துடைக்கும் துணியைக் கடையிலிருந்து அகற்றி, ரப்பர் விளிம்புள்ள தள்ளியும் தூரிகையும் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, கண்காணிப்பு. 2017 முதல் இயங்கும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறை இருக்கிறது. அண்டை மாவட்டத்தில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் இவற்றோடு இணைந்து, கட்டை, கத்தி, கொக்கி, ரப்பர் விரல்கள் ஆகியவற்றில் பஞ்சால் துடைத்தெடுத்த மாதிரிகளைப் பருவந்தோறும் சோதிக்கலாம். கோடையும் வடகிழக்குப் பருவமழையும் வேறுவேறு மாசைக் காட்டக்கூடும் என்பதால் இரு பருவமும் முக்கியம். முடிவு முதலில் கடைக்காரரின் கையில், அவருக்குப் புரியும் சொல்லில் சேரட்டும். தண்டனையோடு தொடங்கும் சோதனை மாதிரி எடுக்கும் நாளில் மட்டும் கழுவ வைக்கும். தொழிலாளர்களின் கைக்காயத்துக்கு மருத்துவமும் இதே திட்டத்தில் சேர வேண்டும்.

வாங்குபவருக்கும் பங்கு உண்டு. வெட்டும் முன் கட்டையைக் கழுவச் சொல்லிச் சில நிமிடம் பொறுப்பது, வீட்டில் காய்கறியை முதலில் அரிந்துவிட்டுக் கறியைப் பிறகு எடுப்பது, கோழியைக் குழாயடியில் பீய்ச்சாமல் பாத்திரத்து நீரில் அலசுவது, அந்த இடத்தைச் சோப்பிட்டுக் கழுவுவது ஆகிய பழக்கங்களுக்குக் காசு செலவில்லை.

9. முடிவுரை

சந்தைக் கறிக்கடையை ஒழித்துக் குளிரூட்டப்பட்ட கடைகளைக் கொண்டுவருவதே தீர்வு என்று சொல்பவர்கள் உண்டு. கனடாவிலும் வேல்சிலும் நடந்தவை, நவீனம் தானாகவே பாதுகாப்பாகிவிடாது என்பதற்குச் சான்று. சந்தைக் கறி ஏழைக்கு எட்டும் புரதம்; ஆடு வளர்ப்பவருக்கும் வெட்டுபவருக்கும் வாழ்வு. அதை அதன் இடத்திலேயே தூய்மையாக்குவதற்கு வேண்டிய அறிவியல் கையில் இருக்கிறது. வேண்டிய கருவிகள் விலை மலிவானவை. மாசு பெருகுவது ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவிலான அந்தச் சில நிமிடங்களில். அந்த நிமிடங்களில் கொதிநீர் கத்தியைத் தொட வேண்டுமானால், அதற்கு முன் நீர் சந்தையைத் தொட்டிருக்க வேண்டும். கடைக்காரரிடம் தூய்மையைக் கேட்கும் உரிமை உள்ளாட்சிக்கு உண்டு; குழாயும் வடிகாலும் தந்த பிறகே அந்த உரிமை முழுமையாகும். மாவட்ட நிர்வாகம் அடுத்த சந்தை ஏல அறிவிப்பில் இந்த ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம்.